லேபிளில் யார் பெயர்? டெடி வெதர்ஃபோர்டும் கல்கத்தா இசைத்தட்டுகளும்



இந்த நினைவுப் பேருரையின் அழைப்பிதழ் கைக்குக் கை போனதும் மூன்று பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர், "தோழர், தலைப்பில் அச்சுப்பிழையா?" என்று கேட்டார். இன்னொருவர், "ஜாஸ் பணக்காரர்கள் ஓட்டலில் கேட்பது, நமக்கு எதற்கு?" என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன். அந்த ஓட்டலுக்குள் வாசித்தவர்கள் யார், வெளியே நின்றவர்கள் யார், வாசித்தது யார் பெயரில் விற்றது என்பதுதான் என் விஷயம்.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் நைனா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கூடுவாஞ்சேரியிலிருந்து அந்தப் பக்கம் செங்கல்பட்டு வரை, இந்தப் பக்கம் பல்லாவரம் வரை, கல்யாணமோ காதுகுத்தோ சாவோ கட்சி ஊர்வலமோ எதுவானாலும் செட்டு போகும். ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, சித்திரை வெயிலிலும் கழற்றக்கூடாது. செட்டின் பெயரைப் பெரிய டிரம்மின் தோலில் வட்டமாக எழுதியிருப்பார்கள். அது ஓனரின் பெயர். வாசித்த பதினோரு பேரில் ஒருவர் பெயரும் அந்த வட்டத்துக்குள் இருந்ததில்லை. எனக்குப் பதினொரு வயதில் ஒரு கல்யாணத்துக்கு அவரோடு போனேன். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு மண்டபம். ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர்களுக்குப் பந்தியில் கடைசி இடம். அதுவும் பந்தியில் இல்லை, பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நைனா கோட்டைக் கழற்றி மடித்து அதன்மேல் என்னை உட்காரவைத்தார். அவர் தரையில் உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை.

யாருடைய நினைவாக இந்த உரை ஆண்டுதோறும் நடக்கிறதோ அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேசட் வாங்கினால் உறையில் அச்சிட்டிருக்கும் பெயர்களோடு நிறுத்தமாட்டார். பறை அடித்தது யார், ஷெனாய் யார் என்று தேடிக் கேட்டு, பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தில் எழுதிவைப்பார். அந்தப் பழக்கத்தை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு நான் போன ஊர்தான் கல்கத்தா. காலம், 1942 முதல் 1945 வரை.

*

டெடி வெதர்ஃபோர்ட் 1903 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் போகஹான்டாஸ் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம் அது. பதின்வயதில் நியூ ஆர்லியன்ஸ் போய் அங்கே பியானோ கற்றார். பிறகு தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே போன அந்தப் பெரும் இடப்பெயர்வில் அவரும் சிகாகோ சேர்ந்தார். சிகாகோவில் வெண்டோம் என்ற திரையரங்கம். மௌனப்படக் காலம். படம் ஓடும்போது கீழே ஒரு இசைக்குழு வாசிக்கும். எர்ஸ்கின் டேட் என்பவர் நடத்திய அந்தக் குழுவைக் கேட்பதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. காரணம், டிரம்பெட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோவில் வெதர்ஃபோர்ட். 1926 மே மாதம் அந்தக் குழு வோகாலியன் கம்பெனிக்கு ஒரு தட்டு கொடுத்தது. ஒரு பக்கம் 'ஸ்டாட்டிக் ஸ்ட்ரட்', மறுபக்கம் 'ஸ்டாம்ப் ஆஃப், லெட்ஸ் கோ'. வெதர்ஃபோர்டின் பியானோ அதில் தனியாக வெளியே வரும் இடம் இருக்கிறது. இடது கை தாளத்தைப் பிடித்துத் தாவுகிறது, வலது கை சுத்தியல் போல இறங்குகிறது. பின்னாளில் ஜாஸ் பியானோவின் பெரிய பெயரான ஏர்ல் ஹைன்ஸ் சிகாகோ வந்தபோது அங்கே எல்லோரும் பார்த்துக் கற்ற ஆள் வெதர்ஃபோர்ட்தான்.

ஆனால் தட்டின் லேபிளில் இருப்பது எர்ஸ்கின் டேட் பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

அதே 1926இல், ஜாக் கார்ட்டர் என்ற டிரம்மரின் குழுவோடு வெதர்ஃபோர்ட் கப்பல் ஏறி ஆசியாவுக்கு வந்துவிட்டார். ஷாங்காய் அவருடைய ஊரானது. ஒரே இரவில் நான்கு கிளப்புகளில் மாறி மாறி வாசித்து, நான்கிலும் சம்பளம் வாங்கியவர் என்று பேர். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1933இல் ஷாங்காய் போனபோது அவரைச் சந்தித்துத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு வெதர்ஃபோர்ட் அமெரிக்கா திரும்பி, பக் க்ளேட்டன் என்ற இளம் டிரம்பெட்காரரின் முழுக் குழுவையும் ஷாங்காயின் கானிட்ரோம் நடனக்கூடத்துக்கு அழைத்துவந்தார். அங்கே ஒரு வெள்ளை அமெரிக்கன் க்ளேட்டனை அடித்து வம்பிழுக்க, கைகலப்பாகி, கடைசியில் வேலை போனது கறுப்பர்களுக்குத்தான். கடல் தாண்டினால் நிறவெறி தொடராது என்று நம்பிப் போனவர்களை அது அடுத்த கப்பலில் துரத்திவந்தது.

ஆனாலும் ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதில் அவர்களுடைய தொழிற்சங்கத்திலேயே இருக்கிறது. சிகாகோ இசைக்கலைஞர்களுக்கு இரண்டு கிளைகள்: 10ஆம் எண் வெள்ளையருக்கு, 208ஆம் எண் கறுப்பருக்கு. நல்ல சம்பள வேலைகள் பெரும்பாலும் 10ஆம் எண்ணுக்கு. இரண்டையும் ஒன்றாக்க 1966 வரை ஆனது. சங்கம் என்று சொன்னவுடன் சமத்துவம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு, நம் ஊர் அனுபவம் போதாதென்றால், இந்த உதாரணத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

*

பம்பாய் தாஜ்மஹால் ஓட்டல் திறந்ததும் 1903இல்தான்; வெதர்ஃபோர்டும் அந்தக் கட்டடமும் ஒரே வயது. 1935 குளிர்காலத்தில் லியோன் அபே என்ற கறுப்பு வயலின்காரரின் குழு அங்கே வந்து வாசித்தது. அடுத்து கிரிக்கெட் ஸ்மித் குழு. 1936இல் ஸ்மித் குழு பம்பாயிலேயே ரெக்ஸ் கம்பெனிக்குப் பதிவு செய்த 'தாஜ்மஹால்' என்ற நடனப்பாட்டு அந்தக் காலத்தின் அடையாளமாக இன்றும் பேசப்படுகிறது. நரேஷ் பெர்னாண்டஸ் பம்பாயின் ஜாஸ் காலம் பற்றி எழுதிய நூலுக்கு அந்தப் பாட்டிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். ஸ்மித்துக்குப் பின் குழுவின் தலைமை வெதர்ஃபோர்டிடம் வந்தது. இடையில் 1937இல் பாரீஸ் போய் 'ஸ்விங்' என்ற புதிய கம்பெனிக்குத் தனிப் பியானோத் தட்டுகள் கொடுத்தார். அவற்றில் ஒன்று 'வெதர் பீட்டன் ப்ளூஸ்'. வெயில் மழையில் அடிபட்டவன் பாட்டு. தன் பெயரை வைத்து அவரே செய்துகொண்ட கேலி அது.

நம் மாணவர்கள் 1935, 1936 என்றதும் வேறொன்றை நினைப்பார்கள். 1935 அக்டோபரில் இயோலாவில், நான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று பாபாசாகேப் அறிவித்தார். 1936 மே மாதம் 'சாதியை அழித்தொழித்தல்' அச்சாகி வந்தது. அதே மாத இறுதியில் தாதரில் மகர் மாநாடு. தாஜ் ஓட்டலில் கறுப்பர்கள் கோட்டும் சூட்டும் போட்டு வாசித்த நகரமும் அதே பம்பாய்தான். சில மைல் தூரத்தில் இன்னொரு சூட்டு போட்ட மனிதர், கொலம்பியாவில் படித்துவந்தவர், விடுதலைக்கு என்ன வழி என்று தன் மக்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தியாவில் அடிமைத்தனத்தை நீக்கும் வேலைக்கு அமெரிக்க உதாரணத்தைப் புலே 1873இலேயே எடுத்தாண்டார். 'குலாம்கிரி'யின் காணிக்கையே அமெரிக்க மக்களுக்குத்தான். 1946 ஜூலையில் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். 1972இல் அதே பம்பாயில் இளைஞர்கள் தங்களைச் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டபோது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் 'கறுப்பரும் தலித்தும் ஒன்று' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தாஜ் ஓட்டலுக்குள் போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் சமையற்கட்டு வாசல் வழியாக உள்ளே போகவேண்டியிருந்த கறுப்பு இசைக்கலைஞர் இங்கே நட்சத்திரம். அவருக்கு அறை உண்டு, பேரர் உண்டு, சலாம் உண்டு. அந்த அறையின் கக்கூஸைக் கழுவ வந்தவர் யார் என்று நாம் தனியாக ஆராய வேண்டியதில்லை. நிறக்கோட்டிலிருந்து தப்பி வந்தவர் இன்னொரு ஏணியின் மேல்படியில் வந்து நின்றார். இதைச் சொல்வதால் வெதர்ஃபோர்ட் குறைந்துபோகவில்லை. ஒடுக்கப்பட்ட இருவர் ஒரே கட்டடத்தில் இருந்தாலே தோழமை வந்துவிடாது, அதை யாராவது உட்கார்ந்து கட்டவேண்டும். டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியது அப்படிக் கட்டுகிற வேலை.

*

கல்கத்தாவுக்கு வருவோம். சௌரிங்கி சாலையில் கிராண்ட் ஓட்டல். 1937இல் டைபாய்டு பரவி மூடிக்கிடந்த ஓட்டலை மறு ஆண்டு மோகன் சிங் ஓபராய் குத்தகைக்கு எடுத்தார். போர் வந்ததும் நகரம் முழுக்கப் பட்டாளம். 1940களின் தொடக்கத்தில் வெதர்ஃபோர்ட் அங்கே தன் குழுவோடு நிலைத்தார். அமெரிக்க ராணுவ வானொலியிலும் அவர் குழு ஒலித்தது.

அந்தக் குழுவில் யார் யார் என்று பாருங்கள். சாக்ஸபோன் ராய் பட்லர், அமெரிக்கக் கறுப்பர். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்த ரூடி ஜாக்சன், ஒருகாலத்தில் டியூக் எல்லிங்டன் குழுவில் இருந்தவர். வேறொருவர் மெட்டைத் தன்னுடையது என்று எல்லிங்டனிடம் கொடுத்துச் சிக்கிக்கொண்டதும் இதே ஜாக்சன்தான். பெயர்த் திருட்டு மேலேயிருந்து மட்டும் நடப்பதில்லை. கிளாரினெட்டில் ரூபன் சாலமன், ரங்கூன் யூதர். கிதாரில் செட்ரிக் வெஸ்ட், அவரும் பர்மாக்காரர். டிரம்பெட்டில் நேபாளி ஒருவர், புஷ்கர் பகதூர். ஓட்டல் மேடைக்கு அந்தப் பெயர் ஒத்துவராது என்று ஜார்ஜ் பேங்க்ஸ் ஆனார். அவருடைய மகன்தான் பின்னாளில் இந்திய ஜாஸின் முகமாக அறியப்பட்ட லூயி பேங்க்ஸ். ஆம்ஸ்ட்ராங் நினைவாக வைத்த பெயர் அது. கப்பலில் வேலைபார்த்துக் கல்கத்தா வந்திறங்கிய ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் இந்தக் குழுவோடு பாடினார். ஊர் திரும்பிய பிறகு அவர் ப்ளூஸ் உலகில் பெரிய பாடகரானார்.

பர்மாக்காரர்கள் ஏன் கல்கத்தாவில்? இந்த இடம் நமக்கு நெருக்கமானது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். அதில் நம் தமிழ்க் கூலிகள் எத்தனையோ ஆயிரம். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று வெளியேற்றத்திலேயே பாகுபாடு நடந்தது. 'வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை' என்றே அந்நாளில் புகார் எழுந்தது. ரங்கூன் ஓட்டல்களில் வாசித்தவர்களும் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அந்த ஆண்டு ஒரே திசையில்தான் வந்தார்கள். வாசித்தவர்களுக்குக் கல்கத்தாவில் மேடை கிடைத்தது.

அதே பர்மா எல்லையில் அசாமின் லேடோவிலிருந்து ஒரு சாலை போடப்பட்டது. அங்கே வேலைபார்த்த அமெரிக்கப் படையினர் சுமார் 15,000 பேரில் 60 சதவீதம் கறுப்பர்கள். துப்பாக்கி ஏந்த அல்ல, மண் வெட்ட. விடுமுறையில் கல்கத்தா வந்தால் அவர்களுக்கென்று தனி ஓய்வு முகாம், தனி கிளப். ஜனநாயகத்துக்காகப் போரிட்ட ராணுவத்தின் ஏற்பாடு இது. சேரியும் ஊரும் தனித்தனி என்ற ஏற்பாட்டை அமெரிக்கர்கள் கல்கத்தாவுக்கே தனியாகக் கொண்டுவந்தார்கள், இங்கே ஏற்கெனவே இருந்தது போதாதென்று.

*

இனி தட்டுகள். 1942 முதல் 1944 வரை 'டெடி வெதர்ஃபோர்ட் அண்ட் ஹிஸ் பேண்ட்' என்ற பெயரில் கொலம்பியா லேபிளில் கல்கத்தாவில் பதிவாகி வந்தவை. இவற்றின் முக்கியத்துவம் புரிய அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தெரியவேண்டும். 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. தட்டும் வானொலியும் வந்து நேரடியாக வாசிக்கிறவர் வயிற்றில் அடிக்கின்றன, எனவே விற்கும் தட்டுக்குக் கம்பெனி ஒரு பங்கைச் சங்க நிதிக்குத் தரவேண்டும் என்பது கோரிக்கை. டெக்கா 1943இல் பணிந்தது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தன. அதாவது, அமெரிக்காவின் பெரிய ஸ்விங் குழுக்கள் வணிகத் தட்டு போடமுடியாமல் இருந்த காலத்தில், கல்கத்தாவில் ஒரு கறுப்பு பேண்டுமாஸ்டர் பர்மியரையும் நேபாளியையும் ஆங்கிலோ இந்தியரையும் வைத்துக்கொண்டு ஸ்விங் தட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். ஜாஸ் வரலாறு அமெரிக்கக் கம்பெனிகளின் பட்டியலை வைத்து எழுதப்பட்டதால், நியூயார்க்கில் விற்காத தட்டு வரலாற்றிலும் விற்கவில்லை. 1984இல் இங்கிலாந்தில் ஹார்லிக்வின் என்ற சிறு கம்பெனி இந்தியாவில் 1926 முதல் 1944 வரை பதிவான ஜாஸைத் தொகுத்து ஒரு எல்.பி. போட்ட பிறகுதான் வெளியுலகம் இவற்றைத் திரும்பக் கேட்டது.

ஸ்விங் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். புத்தக விளக்கம் வேண்டாம். பித்தளை வாத்தியங்கள் ஒரு பக்கம், ரீட் வாத்தியங்கள் ஒரு பக்கம், நடுவில் பியானோ, கிதார், பேஸ், டிரம். நான்கு அடி. ஒவ்வொரு அடியையும் இரண்டாக உடைக்கும்போது சம பாதியாக உடைப்பதில்லை. முன்பாதி நீளம், பின்பாதி குட்டை. அந்த ஏற்றத்தாழ்வில்தான் கால் தானாக எழுகிறது. சாவு ஊர்வலத்தில் அடி மாறும்போது பாடை தூக்குபவர் தோளே லேசாக அசையுமே, அது. நைனா இதை 'நொண்டி' என்பார். "நேரா வாசிச்சா பரேடு, நொண்டி வாசிச்சாதான் பாட்டு" என்று கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம் சொல்வார். அவர் ஸ்விங் என்ற சொல்லைக் கேட்டவரில்லை.

தட்டின் மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு, தட்டையே கையில் எடுத்துப் பாருங்கள். அது அரக்கு. அரக்கோடு கல்தூள், கரி, பருத்தி இழை. உலகம் முழுக்கச் சுழன்ற 78 வேகத் தட்டுகளுக்கு அரக்கு பெரும்பகுதி போனது இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் காடுகளில் குசும், பலாசம், இலந்தை மரங்களில் பூச்சி கட்டும் கூட்டை ஆதிவாசிகள் சுரண்டி எடுப்பார்கள். சந்தையில் மகாஜன் விலை வைப்பான். தொழிற்கூடத்தில் நீளத் துணிப்பையில் அரக்கைப் போட்டு நெருப்பின் முன் முறுக்கிப் பிழிவார்கள். உருகி வந்ததை ஒரு ஆள் சூட்டோடு கையால், காலால், பல்லால் பிடித்து இழுத்துக் கண்ணாடி போலத் தகடாக்குவார். பல்லால் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, அந்தத் தொழில் அப்படித்தான் நடந்தது. அந்த அரக்கு கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலைக்குப் போய்த் தட்டாகும். கிராமபோன் கம்பெனியின் டம்டம் ஆலை 1928இல் தொடங்கியது. வெதர்ஃபோர்ட் தட்டும், நம் வீட்டுத் திண்ணைகளில் ஓடிய தமிழ் 'நாய் மார்க்' தட்டும் ஒரே ஆலை அச்சு. போரில் கப்பல் நின்று அரக்கு வராமல் போனதும் 1942இல் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை எழுபது சதவீதம் வெட்டியது. சந்தால், முண்டா மக்கள் மரத்தில் ஏறாவிட்டால் நியூயார்க்கில் ஸ்விங் சுழலாது என்பது அன்றைக்கு அரசாணையிலேயே தெரிந்துபோனது.

இப்போது லேபிளுக்குத் திரும்புவோம். சிகாகோத் தட்டில் வெதர்ஃபோர்ட் பெயர் எர்ஸ்கின் டேட் பெயருக்குள் மறைந்திருந்தது. கல்கத்தாத் தட்டில் அவர் பெயர் பெரிதாக வந்துவிட்டது. அமெரிக்கா தராததை ஆசியா தந்தது. அதே லேபிளில் 'ஹிஸ் பேண்ட்' என்ற இரண்டு சொல்லுக்குள் சாலமனும் வெஸ்ட்டும் புஷ்கர் பகதூரும் போய்விட்டார்கள். அவர்களுக்கும் கீழே, லேபிள் ஒட்டியிருக்கும் அரக்கில், பல்லால் இழுத்தவர். பாதிக்கப்பட்டவன் மேலே ஏறும்போது பெயர்ப்பலகை மாறுகிறது, பலகையின் அமைப்பு மாறுவதில்லை. இது வெதர்ஃபோர்டின் குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. பேண்டு என்றால் ஒருவர் பெயரில்தான் விற்கும் என்பது அந்தத் தொழிலின் விதி. நம் பேண்டு செட் டிரம்மிலும் அதே விதிதான். ஆனால் விதி என்று தெரிந்த பிறகு அதைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானது. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, வென்றது. எந்தத் தமிழர் கையில் இருக்கும் எந்தத் தோல் வாத்தியம் அந்த மேடையில் ஏறும் என்ற கேள்வியை அந்த இயக்கம் தொடவேயில்லை.

*

1943 என்றால் வங்காளத்துக்குப் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அரிசி இல்லாமல் அல்ல, வாங்கக் காசில்லாமல். அதிகம் செத்தது நிலமற்ற விவசாயக் கூலிகள், மீன்பிடிப்பவர்கள். அவர்கள் என்ன சாதி என்பதற்கு வங்காள வரைபடமே பதில் சொல்லும். கிராமங்களிலிருந்து கல்கத்தா நடைபாதைக்கு வந்தவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. வடிகஞ்சி கேட்டார்கள். கிராண்ட் ஓட்டலின் வின்டர் கார்டனில் அந்த இரவுகளிலும் இசை நிற்கவில்லை. நான் அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது இதை மறக்க முடிவதில்லை. மறக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். இசைக்கு அதனால் குறை வந்துவிடவில்லை. அது எந்தச் சுவருக்குள் ஒலித்தது என்பது மட்டும் சேர்ந்து கேட்கிறது.

பஞ்சத்தின் பின்னால் நோய் வந்தது. மலேரியா, அம்மை, காலரா. 1945 ஏப்ரல் 25ஆம் தேதி டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். வயது 41. ஷாங்காய், பம்பாய், பாரீஸ், கொழும்பு என்று சுற்றியவர். அமெரிக்க ராணுவத்தின் வானொலியில் வாசித்த மனிதரை, தண்ணீரில் வரும் நோய், பர்மாப் பாதையில் நம் கூலிகளைக் கொன்ற அதே நோய், கொண்டுபோனது.

குழு கலைந்தது. அந்த வாசிப்பு கலையவில்லை. தாஜிலும் கிராண்டிலும் கறுப்பர்களோடு வாசித்தும், அவர்கள் தட்டைத் தேய்த்துக் கேட்டும் கற்றவர்கள் ஓட்டல் வேலை குறைந்தபோது பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களுக்குள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். கோயில் பள்ளியில் நொட்டேஷன் படித்தவர்கள். அல்டோனாவில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், மேடைப் பெயர் சிக் சாக்லேட், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று பெயர் எடுத்தவர். சி. ராம்சந்திராவின் பாடல்களுக்கு வாத்தியப் பகுதி அமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 'அல்பேலா'வில் (1951) தன் குழுவோடு திரையிலேயே வருவார். 'ஆஷா'வில் (1957) வரும் 'ஈனா மீனா டீகா' எல்லோருக்கும் தெரியும். அதில் 'மாகா நாகா' என்று வருவது கொங்கணி, எனக்கு வேண்டாம் என்று பொருள். ஒத்திகையில் ஜான் கோமஸ் என்ற கோவா வாத்தியக்காரர் சேர்த்துவிட்டது. பாட்டில் அவர் சொல் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தப் படத்தைத்தான் எம்.வி. ராமன் 'அதிசயப் பெண்' என்று தமிழில் எடுத்தார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கும் இசை ராம்சந்திராதான். இப்படி நம் காதுக்கும் வந்துசேர்ந்தது அந்த நொண்டி அடி. கோவா கத்தோலிக்கத்துக்குள் சாதி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் சுவர் பார்த்த நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை. பியாரேலாலுக்கு வயலின் கற்றுத்தந்த அந்தோணி கோன்சால்வஸின் பெயர் கடைசியில் 1977இல் ஒரு படத்தில் முட்டைக்குள்ளிருந்து குதிக்கும் வேடிக்கைப் பாட்டாக வந்தது. மாணவர் செய்த மரியாதைதான் அது. ஆனாலும் பெயர் வர முட்டை தேவைப்பட்டிருக்கிறது.

நைனா 'ஈனா மீனா' வாசிப்பார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு நடுவில், பையன்கள் ஆடுவதற்கு. வானொலியில் கேட்டுப் பிடித்தது, நொட்டேஷன் தெரியாது. நடுவில் டிரம்பெட் வரும் இடத்தைக் கிளாரினெட்டிலேயே வாசிப்பார், டிரம்பெட்காரருக்கு அந்த உயரம் எட்டாது என்பதால். சிகாகோவிலிருந்து கல்கத்தாவும் பம்பாயும் வழியாக நந்திவரம் ஏரிக்கரைத் தெருவரைக்கும் வந்த அந்த நான்கு அடியை எந்தத் தட்டும் பதிவு செய்யவில்லை. அவரோடு வாசித்தவர்களில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பேர் இந்த அரங்கத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு நீண்டுவிட்டதால் ஒருவர் வெளியே டீ குடிக்கப் போயிருக்கிறார்.

இப்போது ஒரு கல்கத்தாத் தட்டைப் போடப்போகிறோம். மூன்று நிமிடம்தான். கீறல் சத்தம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். பியானோ எல்லோருக்கும் கேட்கும், அது வெதர்ஃபோர்ட். அதை ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை போடும்போது பியானோவுக்குப் பின்னால் கிளாரினெட் எங்கே நுழைகிறது என்று மட்டும் பாருங்கள். டீ குடிக்கப் போன பெரியவரையும் யாராவது உள்ளே கூப்பிடுங்கள்.